வாய் அசையாத இடம்

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கிறியாம்மா? கோவிச்சுக்காத. போன்ல படம் பாக்குறவங்களை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பகல் வண்டியில வேற என்னதான் பண்றது. ஆனா அதுல ஒரு பொண்ணு பேசுறா பாரு, அதைத்தான் என்னால கேக்க முடியல. ஏன்னா அது நான்.

சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். வேணும்னா கண்ணை மூடிக்கோ. "உங்களுக்கு என்னதான் வேணும் மிஸ்டர் சென்? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!" பாத்தியா? அதே குரல்தானே? எதிர் சீட்டுக்காரர் பாவம் தூக்கத்துல இருந்து முழிச்சுட்டாரு. சாரி சார், நீங்க தூங்குங்க.

முகத்தைப் பாத்துட்டுக் குரலைக் கேட்டா எல்லாருக்கும் இப்படித்தான் ஒரு மாதிரி ஆகும். எனக்கு நாப்பத்திரண்டு வயசு ஆகுது. அந்தச் சீனாக்காரிக்கு இருபத்தி மூணு இருந்தா அதிகம். லின் யூன்னு பேரு வெச்சிருக்காங்க. எங்க ஸ்டுடியோல எல்லாரும் அவளை லிங்கம்மான்னுதான் சொல்வோம். நான் கோமதி. சாலிகிராமத்துல இருக்கேன், சொந்த ஊரு கோவில்பட்டி. எங்க ஊர்ப் பேச்செல்லாம் வாயை விட்டு எப்பவோ போயிடுச்சு, டப்பிங்ல ஊர் வாசனை அடிச்சா வேலை குடுக்க மாட்டாங்க. நீ என்ன படிக்கிற? நர்ஸிங்கா? நல்லது. திருநெல்வேலியா? அப்ப எனக்கு அப்புறம்தான் எறங்குவே.

எத்தனாவது எபிசோட் பாக்குற? இருபத்தெட்டா? அங்கேயே நிறுத்திடும்மா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. முப்பத்தாறு எபிசோட் எடுத்து வெச்சிருக்கான், 'ஒரு குடை இரு மேகம்'னு பேரு வேற. குடையைக் கண்டோம், மேகத்தைக் கண்டோம், கதையை மட்டும் காணோம். கடைசி எபிசோட் வந்த அன்னைக்கு ஜனங்க கீழ எழுதியிருந்ததைப் படிச்சிருக்கணும் நீ. கதை எழுதினவனைத் திட்டினாங்க, சரி. என்னையும் சேத்துத் திட்டியிருந்தாங்க. "ஹீரோயின் குரலில் உயிரே இல்லை"ன்னு ஒருத்தர். என்ன, முடிவைச் சொல்லிடவா? கேட்டுக்கோ, உனக்கு எட்டு எபிசோட் மிச்சமாகும்.

அந்த சென் இருக்கானே, பெரிய கம்பெனி முதலாளி. இவ அதே கட்டடத்துல கீழ்மாடியில ரொட்டிக் கடையில வேலை பாக்குறா. எட்டு வருஷமா அவன் இவ மேல ஆசையா இருக்கான். சொல்ல மாட்டான். இவ வேலை முடிஞ்சு வெளிய வந்தா மழை பெய்யுது, வாசல்ல ஒரு குடை இருக்கு. யார் வெச்சான்னு இவளுக்குத் தெரியாது. வீட்டுப் பக்கத்துலயே இவளுக்குக் கிளை மாத்தல் கெடைக்குது. யார் பண்ணினான்னு தெரியாது. காய்ச்சல் வந்தா கதவுல கஞ்சி தொங்குது. அதுவும் தெரியாது! எட்டு வருஷம்மா! கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சாளாம்னு சொல்லுவாங்கல்ல, அந்தக் கேஸு. நான் டப்பிங் பேசிக்கிட்டே கேப்பேன், "ஏண்டி, உனக்குக் கண்ணு எதுக்குடி இருக்கு?"ன்னு. ஒரு பொம்பளைக்குத் தெரியாதா, ஒருத்தன் தன்னைச் சுத்திச் சுத்தி வந்தா? லாஜிக் வேண்டாமா?

ஜெபசிங் கிட்டயும் அப்படித்தான் கேட்டேன். அவர் சிரிச்சாரு. "சில பேருக்குத் தெரியாது மேடம்"னாரு.

ஜெபசிங் யாருன்னா, எங்க சவுண்ட் இன்ஜினியர். நாகர்கோவில் பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்க. பன்னெண்டு வருஷமா அப்படித்தான். எனக்கு எப்பவும் கூட்டத்துல ஒரு குரல், கதாநாயகிக்குத் தோழி, அப்புறம் அம்மா, இப்படித்தான் வாய்ப்பு வரும். இந்தச் சீரியலுக்கும் வேற ஒரு பொண்ணைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. இவர்தான் கோஆர்டினேட்டர்கிட்ட, "இந்த முகத்துக்கு கோமதி மேடம் குரல்தான் உக்காரும், மத்தது வேண்டாம்"னு அடிச்சுப் பேசினாராம். அவருக்கும் சௌகரியம்தானே? நான் உதட்டசைவை டக்குன்னு புடிச்சிடுவேன், அவருக்கு வேலை சீக்கிரம் முடியும்.

ஆனா முடிக்க விட மாட்டாரும்மா, அதுதான் எனக்குப் புரியாத விஷயம். நல்லா வந்திருக்கும். எனக்கே தெரியும் நல்லா வந்திருக்குன்னு. "ஒன் மோர் மேடம்"பாரு. திரும்பப் பேசுவேன். "இன்னும் ஒண்ணு." கடைசியில பாத்தா மொதல்ல பேசினதையே வெச்சிருப்பாரு. மத்தவங்ககிட்ட இப்படிப் பண்ண மாட்டாராம். அவங்களுக்கெல்லாம் ஒரே டேக், போய்க்கிட்டே இருப்பாங்க. என்னைக் கண்டா மட்டும் அந்த மனுஷனுக்குத் திருப்தியே வராது. ஒரு தடவை கோவமா கேட்டுட்டேன், "என் வேலை மேல நம்பிக்கை இல்லையா ஜெபசிங்?"னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு வாரம் ஒன் மோர் கேக்கல. அப்புறம் பழையபடி ஆரம்பிச்சுட்டாரு.

அப்படி ஒரு ஆளு. ஏசி ஓடினா எனக்குத் தொண்டை கட்டிக்கும். எங்க ரூமுக்கும் அவர் ரூமுக்கும் ஒரே ஏசி. நான் வந்தா அதை அணைச்சிடுவாரு. சித்திரை மாசத்துல சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, பாக்கவே பாவமா இருக்கும். அவருக்கும் ஏசி ஆகாது போல. அதிமதுரம் போட்ட வெந்நி ஒரு பிளாஸ்க்ல இருக்கும். எல்லாருக்கும் பொதுவா வெச்சிருப்பாருன்னு நெனைக்கிறேன். வேற யாரும் குடிச்சு நான் பாத்ததில்ல.

இந்த வேலை எப்படின்னு உனக்குத் தெரியாதுல்ல? ஏதோ கதாநாயகனும் கதாநாயகியும் பக்கத்துல பக்கத்துல நின்னு பேசுவாங்கன்னு ஜனங்க நெனைக்கிறாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே மாட்டோம். சென்னுக்குப் பேசினவர் யாரோ வேளச்சேரியில இருக்காராம், நான் கண்ணால கண்டதில்ல. அவன் பேசுறதே எபிசோடுக்கு நாலு வரி, அதனால அவர் பாட்டுக்கு வந்து மளமளன்னு முடிச்சிட்டுப் போயிட்டாரு. நான் மட்டும் அந்த அறைக்குள்ள தனியா நின்னு பேசணும், கொஞ்சணும், சண்டை போடணும், அழணும். காதுல சீன பாஷை ஓடும். "ச்சோ ச்சூ"ன்னு அவன் என்னமோ சொல்வான், அதுக்கு நான் தமிழ்ல வெக்கப்படணும். எனக்கு வரவே இல்ல. அப்ப ஜெபசிங்தான் ஒரு வழி சொன்னாரு. "சென் டயலாக்கை நான் தமிழ்ல மைக்ல படிக்கிறேன் மேடம், அதைக் கேட்டுப் பதில் சொல்லுங்க"ன்னாரு. அது ரெக்கார்ட் ஆகாது, என் காதுக்கு மட்டும்தான் கேக்கும்.

ஆரம்பத்துல, சென் தன் கனவுல மட்டும் அவகிட்ட மனசைத் தொறந்து பேசுற சீனைக்கூட, ரேஷன் கடையில பேர் படிக்கிற மாதிரி படிப்பாரு. "உன்னை. பார்க்காத. நாள். எனக்கு. நாளே. இல்லை." எனக்குச் சிரிப்பு வந்து டேக் வீணாப் போகும். போகப் போக நல்லா படிக்க ஆரம்பிச்சாரு. சில சமயம் பேப்பரைப் பாக்காமலே சொல்வாரு, கண்ணாடி வழியா நான் பாத்திருக்கேன். மனப்பாடம் பண்ணிட்டு வருவாரு போல. வேலையில அக்கறை உள்ளவரு, அதை நான் இல்லேன்னு சொல்லவே மாட்டேன்.

நல்லா அழுதிருக்கேனா? எந்த இடம், அவ அம்மா சாகுறதா? ஆமா, அது நல்லா வந்துச்சு. எனக்கு அழுறது தொழில்மா. சிவப்பு லைட் எரிஞ்சா அழுவேன், அணைஞ்சா நிறுத்திடுவேன். வீட்டுக்காரர் தவறினப்போதான் வரல. ஆறு வருஷம் ஆச்சு. மாரடைப்பு. கூடத்துல போட்டிருக்காங்க, சொந்தக்காரங்க எல்லாம் என் முகத்தையே பாக்குறாங்க, எனக்கு ஒரு சொட்டு வரல. என் நாத்தனா பின்னாடி நின்னு சொன்னா, "காசு குடுத்தாத்தான் அழுவா போல"ன்னு. காதுல விழுந்துச்சு. அதுக்கும் ஒண்ணும் தோணல. கெட்டவர் இல்லம்மா அவரு. "குரலையெல்லாம் வெளிய செலவு பண்ணிட்டு வீட்டுக்கு வெறும் ஆளா வர்றே"ம்பாரு. அது உண்மைதான். வீட்டுக்கு வந்தா எனக்குப் பேசவே தோணாது. அவர் போனதுக்கப்புறம் பேச ஆளும் இல்ல. மனசு மரத்துப் போச்சு. மரத்துப் போனதுல ஒரு நல்லது இருக்கு பாத்துக்கோ, எங்க இடிச்சாலும் வலிக்காது.

அதனாலதான் தம்பி இந்தப் பேச்சைக் கொண்டு வந்தப்போ வேண்டாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல. அதுக்குத்தான் இப்ப ஊருக்குப் போறேன். கழுகுமலைக்காரர் ஒருத்தர். பம்புசெட்டு, பைப்பு விக்கிற கடை வெச்சிருக்காரு. சம்சாரம் இறந்துட்டாங்க, பையன் வெளியூர்ல வேலை பாக்குறான். ரெண்டு மாசம் முன்னாடி வந்து பாத்துட்டுப் போனாங்க. நல்ல மரியாதையான மனுஷன். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "மெட்ராஸ்ல போய்க் கண்ட படத்துக்கும் குரல் குடுக்குற வேலையெல்லாம் வேண்டாம், இங்க வீட்டோட இருக்கட்டும்"னு. தம்பி என் முகத்தைப் பாத்தான். யோசிச்சுச் சொல்றேன்னேன். இன்னைக்குச் சொல்லணும். சரின்னு சொன்னா நாளைக்கே பூ வெச்சிடுவாங்க. அப்புறம் சாலிகிராமம் வீட்டைக் காலி பண்ணணும்.

என்ன சொல்லப் போறேனா? சரின்னுதான் சொல்லணும். வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் வேணுமில்ல? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒரு காரணமும் கெடைக்கல.

குரல் போயிடுமேன்னு கேக்குறியா? நீயும் அதையேதான் கேக்குற. ஜெபசிங்கும் அதைத்தான் கேட்டாரு. அந்தக் கடைசி எபிசோட் பேசுற அன்னைக்குக் காலையில அவர்கிட்ட சொன்னேன், இந்த மாதிரி வரன் ஒண்ணு வந்திருக்கு ஜெபசிங், முடிஞ்சா இனிமே வர மாட்டேன்னு. "நல்ல இடமா மேடம்?"னு கேட்டாரு. நல்ல இடம்தான்னேன். "அப்ப குரல்?"னாரு. விட வேண்டியதுதான்னேன். அந்த ரெக்கார்டிங் மிஷினை ஒரு துணியை வெச்சுத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு. தூசியே இல்ல அதுல. நான் உள்ள போய் நின்னு ரெடின்னு கை காட்டினப்புறமும் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு.

அன்னைக்குத்தான் அவர் ஒரு தப்புப் பண்ணினாரு. பன்னெண்டு வருஷத்துல ஒரே தப்பு.

முடிவு சொல்றேன்னேன்ல, அதுதான் அது. ஏர்போர்ட். வெளிய பனி கொட்டுது. லிங்கம்மா வேற ஊருக்குப் போறா, அங்க அவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சு. சென் ஓடி வர்றான். எதிர்ல வந்து நிக்கிறான். அவ சொல்றா, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே." அவன் முகத்தைப் பெருசாக் காட்டுறாங்க. ரொம்ப நேரம். வாயே அசையல. அவ திரும்பிப் போயிடுறா. அப்புறம் மூணு வருஷம் கழிச்சுன்னு போட்டு, ரோட்டுல ரெண்டு பேரும் எதிரும் புதிருமா வந்து, பாக்காம கடந்து போயிடுறாங்க. அவ்வளவுதான். முடிஞ்சது. இதுக்கா முப்பத்தாறு எபிசோட்? இதை மொத எபிசோட்லயே சொல்லியிருந்தா நான் என் வேலையைப் பாத்திருப்பேன்.

நான் அந்த வரியைச் சொல்லிட்டேன். அவன் முகம் திரையில நிக்குது. அந்த இடத்துல சென்னுக்கு டயலாக் கெடையாது, நான் சும்மா நிக்கணும். அப்ப என் காதுல "போகாதீங்க"ன்னு ஒரு குரல். ஜெபசிங் குரல்தான். மெதுவா, படிக்கிற மாதிரி இல்லாம.

நான் நிறுத்திட்டேன். "ஜெபசிங், என் பேப்பர்ல இது இல்லையே, புதுசா சேத்தாங்களா?"ன்னு கேட்டேன். "சேத்திருந்தாலும் தப்புங்க, அவன் வாய் அசையவே இல்ல பாருங்க, அசையாத வாய்க்கு எப்படி டயலாக் வைப்பீங்க? பாக்குறவன் சிரிப்பான்"னேன். நாங்க இந்தத் தொழில்ல மொதல்ல கத்துக்கிறதே அதுதான்மா. வாய் அசையாத இடத்துல யாரும் பேசக் கூடாது. அவருக்குத் தெரியாததா? கண்ணாடி வழியா பாத்தா அவர் திரையைப் பாக்கல, என்னைப் பாத்துக்கிட்டிருக்காரு. "சாரி மேடம், தப்பா வந்துடுச்சு. ஒன் மோர் போலாம்"னாரு. திரும்ப அதே வரி. திரும்ப ஒன் மோர். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே"ன்னு எத்தனை தடவைதான் சொல்றது? கடைசியில என் குரல் காஞ்சு போச்சு. அந்தக் காஞ்சு போன டேக்கைத்தான் வெச்சிருக்காரு. அதைக் கேட்டுட்டுத்தான் உயிரே இல்லேன்னு எழுதியிருக்காங்க. யாரைச் சொல்றது?

ஏம்மா அப்படிப் பாக்குற?

என்ன? ச்சீ, என்ன பேச்சு இது. நீ சீரியல் நெறைய பாக்குற. அவர் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவரு. என்னைவிட மூணு வயசு மூத்தவரு. கல்யாணம் பண்ணிக்கல, ஏன்னு கேட்டா சிரிப்பாரு, அவ்வளவுதான். அதுக்காக? பன்னெண்டு வருஷமா ஒரு மனுஷன் மனசுல வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருப்பானா? சீனாவுல வேணா இருப்பான். வேலையில அக்கறை, அவ்வளவுதான். வெந்நி, ஏசி எல்லாம் வேலைதான். என் குரல் கெட்டா அவர் வேலை கெடும்ல?

நீ இன்னும் அப்படியேதான் பாக்குற. சரி, போன் போட்டே கேட்டுடுறேன். உனக்கும் தெளியும், எனக்கும் பொழுது போகும். இரு, ஸ்பீக்கர்ல போடுறேன், நீயே கேளு. ரிங் போகுது.

ஜெபசிங்? நான்தான், கோமதி... ம், ஏறிட்டேன். திண்டுக்கல் வரப் போகுது... சாப்பிட்டாச்சு, தயிர் சாதம்... இல்லல்ல, ஜன்னல் மூடித்தான் இருக்கு, காத்து படல... ம், துண்டும் சுத்தியிருக்கேன். ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. அந்த ஏர்போர்ட் சீன்ல பேப்பர்ல இல்லாத ஒரு டயலாக் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?... ஆமா, அதுதான். அது எதுக்குச் சொன்னீங்க?

ஹலோ?

ஜெபசிங்? ஹலோ?

...போச்சு. சிக்னல் இல்ல. இந்தப் பக்கம் மலை வருதுல்ல, இப்படித்தான் கட் ஆகும். சரி, விடு. நான்தான் சொன்னேனே, அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. பிஸ்கட் சாப்புடுறியா? எடுத்துக்கோ.

பாரு, தம்பி கூப்பிடுறான். சொல்லுப்பா... திண்டுக்கல் வந்துடும் இப்ப... ஏன், நான் வந்து சேர்ற வரைக்கும் பொறுக்க மாட்டாங்களாமா?... ஓ, பூக்காரனுக்குச் சொல்லணுமா... ம். ம்... இல்லப்பா, ஜலதோஷமெல்லாம் இல்ல, குரல் நல்லாத்தான் இருக்கு... நீ சரின்னு சொல்லிடு. ஆமா, யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்... சரிதான்ப்பா. வெச்சிடு.

அவ்வளவுதான், முடிஞ்சது. நெனைச்ச மாதிரி ஒண்ணும் கஷ்டமா இல்ல. ஒண்ணுமே தோணல.

திரும்பவா? வேண்டாம்மா. சிக்னல் வந்தாலும் இனிமே எதுக்கு? போன் என்னமோ நாலு கோடு காட்டுதுதான்.

நீயும் காதைக் கிட்ட வெச்சுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே. சரி, சொல்லிடுறேன், நீ யார்கிட்டப் போய்ச் சொல்லப் போற. லைன் கட் ஆகல. அந்தப் பக்கம் அவர் இருந்தாரு. ஒருத்தர் பேசுறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாங்கம்மா, உங்களுக்கெல்லாம் கேக்காது, எங்களுக்குக் கேக்கும். அதை வெச்சுத்தான் நாங்க வாயசைவையே புடிப்போம். அவர் அந்த மூச்சை இழுத்தாரு. நல்லாக் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் நான் கட் பண்ணினேன்.